குதிரைக் குடலும் போர்க் கணக்கும்

1863 ஜூன் 25 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் உச்சகட்டத்தில், தெற்குப் படையின் பேர்பெற்ற குதிரைப்படைத் தலைவர் ஜெப் ஸ்டூவர்ட் வர்ஜீனியாவின் பக்லண்ட் என்ற சிற்றூரில் நின்றுவிட்டார். பின்னிரவு ஒரு மணிக்கே புறப்பட்ட படை அது. வழியில் ஹேமார்க்கெட் அருகே வடக்குப் படையின் பெரும்பிரிவு ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சுற்றுவழியில்தான் போக வேண்டும். அதற்கு முன் குதிரைகளுக்குத் தீனி கொடுத்தாக வேண்டும். வேகம் குறையக் கூடாது என்று தீவன வண்டிகளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதனால் மூன்று பிரிகேடுகளின் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் புல்வெளியில் மேய விட்டுக் காத்திருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

அவர் போட்டோமாக் ஆற்றைக் கடக்கும்போது 27-ம் தேதி இரவு ஆகிவிட்டது. மறுநாள் மேரிலாந்தின் ராக்வில் அருகே வடக்குப் படையின் 125 வண்டிகள் சிக்கின. அவற்றில் பெரும்பாலும் இருந்தது ஓட்ஸும் மற்ற தீவனமும்தான். பசித்துக் கிடந்த குதிரைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வண்டிகளைக் கொளுத்திவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை; கூடவே ஓட்டிக்கொண்டு போனார். படையின் வேகம் வண்டியின் வேகமாகிவிட்டது. கெட்டிஸ்பர்க் போர் ஜூலை 1 அன்று தொடங்கியது. தெற்கின் தளபதி ராபர்ட் லீ, எதிரி எங்கே எவ்வளவு பேருடன் இருக்கிறான் என்று சொல்ல வேண்டிய ஸ்டூவர்ட் இல்லாமல் அதில் இறங்கினார். ஸ்டூவர்ட் வந்து சேர்ந்தது ஜூலை 2 பிற்பகலில்.

அவர் தாமதித்தது புகழாசையாலா, லீயின் ஆணை தெளிவில்லாததாலா என்று நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக வரலாற்று ஆசிரியர்கள் வாதிடுகிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாதத்தில் குதிரையின் தரப்பு அரிதாகத்தான் கேட்கிறது. அந்தக் குதிரைகளின் வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதிலிருந்து இந்தக் கதையைத் தொடங்கினால், அந்தப் போரின் பாதி நடமாட்டங்களுக்குக் காரணம் விளங்கிவிடும்.

மாடும் குதிரையும் புல் தின்பவை. ஆனால் தின்றதைச் செரிக்கும் விதம் வேறு. மாட்டுக்கு முன்வயிறு பெரிய நொதிகலன்; நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அவசரமாக மேய்ந்து அதை நிரப்பிக்கொண்டு, பிறகு படுத்து நிதானமாக அசைபோடும். புல்லின் நாரை முதலில் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்கின்றன; சிறுகுடலின் வேலை அதன் பிறகுதான். குதிரைக்கு வரிசை தலைகீழ். அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும்; 450 கிலோ எடையுள்ள விலங்குக்கு அது மிகச் சிறியது. மாவுச்சத்து சிறுகுடலில் செரித்து முடிந்தபின், மிஞ்சிய நார் குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் போய் அங்கேதான் நொதிக்கிறது. உணவு வேகமாக உள்ளே போய் வேகமாக வெளியேறுகிறது. நாரிலிருந்து மாடு எடுக்கும் சத்தைவிடக் குதிரை எடுப்பது குறைவு. குறைவதை ஈடுகட்ட அது ஓயாமல் தின்ன வேண்டும். சுதந்திரமாக மேயும் குதிரை ஒரு நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் தலையைக் குனிந்தபடியே இருப்பது இதனால்தான்.

இதில் குதிரைக்கு ஒரு ஆதாயமும் உண்டு. சத்துக் குறைந்த முற்றிய புல்லானாலும், ஏராளமாகக் கிடைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். மாட்டுக்கு அப்படிப்பட்ட புல் வயிற்றில் தங்கி அடுத்த வாய்க்கு இடமில்லாமல் செய்துவிடும். புல்வெளியில் ஓடித் திரிந்த விலங்குக்கு இது நல்ல ஏற்பாடு. அதன் முதுகில் ஒரு மனிதன் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இந்த ஏற்பாடு உடைந்துவிடுகிறது. மேய நேரமில்லை. நேரத்தைச் சுருக்க ஒரே வழி தானியம்: உலர்புல்லைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் தருவது, குறைந்த நேரத்தில் தின்று முடிக்கக் கூடியது.

அமெரிக்க ராணுவத்தின் கையேடு இதை ஓர் எண்ணாக எழுதி வைத்திருந்தது. குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 14 பவுண்டு உலர்புல், 12 பவுண்டு தானியம். ஆக 26 பவுண்டு, ஏறத்தாழ 12 கிலோ. கோவேறு கழுதைக்குப் புல் அதே அளவு, தானியம் 9 பவுண்டு. இன்றைய கால்நடை ஊட்டச்சத்து அறிவைக் கொண்டு இந்த எண்ணைச் சோதித்துப் பார்க்கலாம். 450 கிலோ குதிரை சும்மா நிற்கவே நாளுக்குச் சுமார் 15,000 கிலோகலோரி வேண்டும். கடும் உழைப்பில் அது 25,000-ஐத் தாண்டும். 6.4 கிலோ புல்லும் 5.4 கிலோ ஓட்ஸும் சேர்ந்து தருவது கிட்டத்தட்ட 27,000. கலோரி என்ற கணக்கே கால்நடைக்கு வராத காலத்தில், லாயக்காரர்களின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட எண் இவ்வளவு துல்லியமாக அமைந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

தானியத்தை மட்டும் கூட்டிக்கொடுத்துப் புல்லை நிறுத்திவிடவும் முடியாது. சிறுகுடல் ஓரளவு மாவுச்சத்தைத்தான் ஒரு வேளையில் தாங்கும். மிஞ்சியது பெருங்குடலுக்கு வழிந்தால் அங்கே அமிலம் பெருகும். நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். விளைவு வயிற்றுச் சூலை, அல்லது குளம்புக்குள் வீக்கம் ஏற்பட்டுக் கால் ஊன்ற முடியாத நிலை. குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது; உள்ளே போனது தவறானாலும் அது குடல்வழியேதான் போயாக வேண்டும். வெறும் மக்காச்சோளத்தில் வாழ்ந்த படைக் குதிரைகள் மரப்பட்டையைக் கடித்ததும் பக்கத்துக் குதிரையின் பிடரியையும் வாலையும் மென்றதும் நார் கிடைக்காத ஏக்கத்தால்தான்.

கையேடு ஒன்று சொன்னது. களம் வேறொன்றைக் கொடுத்தது. மாசசூசெட்ஸ் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் ஜூனியர் 1863 மே மாதம் வீட்டுக்கு எழுதிய கடிதம் இதற்கு அரிய சாட்சி. இரண்டு குடியரசுத் தலைவர்களைத் தந்த குடும்பத்துப் பிள்ளை அவர். படை நடமாட்டத்தின்போது குதிரையின் முதுகில் இருபத்துநாலு மணியில் பதினைந்து மணி நேரம் சேணம் இருக்கிறது, பெயருக்குப் பத்து பவுண்டு தானியம், உண்மையில் கிடைப்பது எட்டு, புல் என்பதே கிடையாது, நிற்கிற இடத்தில் மேய்ந்தால்தான் உண்டு என்று அவர் கணக்கெழுதினார். எட்டு பவுண்டு ஓட்ஸில் சுமார் 10,500 கிலோகலோரி இருக்கும். சும்மா நிற்கும் குதிரைக்கே போதாது. இதன்மேல் வீரன், சேணம், வாள், துப்பாக்கி, போர்வை எல்லாம் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமை. மேய்வதற்கு இயற்கை ஒதுக்கிய பதினைந்து மணி நேரத்தைச் சேணம் பிடித்துக்கொண்டது. குதிரை தன் தசையையே கரைத்து நடந்தது.

போர்க்கால நாட்காட்டியும் இந்த வயிற்றுக்குக் கட்டுப்பட்டதே. வர்ஜீனியாவில் பெரும் படையெடுப்புகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தொடங்கியதற்குச் சாலையில் சேறு காய்வது ஒரு காரணம். புல் முளைப்பது இன்னொரு காரணம். குதிரைகள் குளிர்காலத்தில் இளைத்து, வசந்தத்தில் பச்சைப்புல் கண்டு தேறும். அதற்கு முன் அவற்றை ஓட்டினால் பாதி வழியில் விழும்.

தீவனத்தைப் பின்னாலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்க முடியாதா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆறு கோவேறு கழுதைகள் இழுக்கும் ராணுவ வண்டி நல்ல சாலையில் சுமார் 2,500 பவுண்டு ஏற்றும். அந்த ஆறும் நாளொன்றுக்கு 138 பவுண்டு தின்னும். பதினெட்டு நாளில் வண்டிச் சுமை முழுவதையும் இழுத்த கழுதைகளே தின்று தீர்த்துவிடும். போக ஒன்பது நாள், திரும்ப ஒன்பது நாள். அதற்கு அப்பால் இருக்கும் படைக்கு அந்த வண்டி ஒரு பிடிப் புல்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஆற்றுவழியும் ரயில்பாதையும் இருக்கும் வரை கவலையில்லை. கப்பலும் இன்ஜினும் சுமந்து வரும் தீவனத்தைத் தின்பதில்லை. ரயில் முனையிலிருந்து விலக விலக, படை இந்தக் கணக்கின் பிடிக்குள் போகிறது.

அளவைப் பாருங்கள். 1864 மே மாதம் வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் வர்ஜீனியாவுக்குள் இறங்கியபோது அவருடைய படையில் 56,000-க்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. கையேட்டுப்படி அவற்றுக்கு ஒரு நாளைக்கு மட்டும் 600 டன்னுக்கு மேல் தீவனம். மனிதனுக்கு ஒரு நாள் உணவு சுமார் ஒன்றரைக் கிலோ. குதிரைக்கு அதைப் போல எட்டு மடங்கு. படையின் சமையலறையைவிட லாயம்தான் பெரிய வாய். இந்த வாயை நிரப்பும் பொறுப்பு வாஷிங்டனில் இருந்த மான்ட்காமரி மெய்க்ஸ் என்ற பொறியாளருக்கு. கட்டுகளாக அழுத்திய உலர்புல்லை வடகிழக்கு மாநிலங்களிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் அவர் ஓயாமல் வரவழைத்தார். 1863-ல் குதிரைப்படைக்கெனத் தனித் துறை அமைந்தது. வாஷிங்டனுக்கு அருகே கீஸ்பரோவில் 30,000 விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் கிடங்கு எழுந்தது. போர்க்களக் கதைகளில் இந்த மெய்க்ஸுக்கு இரண்டு வரிகூடக் கிடைப்பதில்லை. வெற்றிக்கு அவர் செய்தது பல தளபதிகள் செய்ததைவிட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

தெற்கிடம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அதன் தண்டவாளங்கள் தேய்ந்துகொண்டிருந்தன. மனிதருக்கான மாவும் பன்றி இறைச்சியும் ஏற்றவே பெட்டிகள் போதவில்லை, இடத்தை அடைக்கும் புல்லுக்கு எங்கே போவது? அதனால் தீவனம் குதிரையிடம் வரவில்லை; குதிரை தீவனத்திடம் போனது. 1862-63 குளிர்காலத்தில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் அருகே முகாமிட்டிருந்த லீ, தன் பீரங்கிக் குதிரைகளை நாற்புறமும் பிரித்து அனுப்பினார். வேட் ஹாம்ப்டனின் குதிரைப்படை பிரிகேடு ஜேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. அதைவிடப் பெரிய முடிவு, தன் தளபதி லாங்ஸ்ட்ரீட்டை இரண்டு டிவிஷன்களுடன் தென்கிழக்கு வர்ஜீனியாவுக்கு அனுப்பியது. வடக்குப் படை சஃபோக் நகரில் இருந்தது. அதை அங்கேயே முடக்கிவைத்துவிட்டு, சுற்றுவட்டாரத்திலும் வட கரோலைனாவின் பக்கத்து மாவட்டங்களிலும் விளைந்த மக்காச்சோளத்தையும் இறைச்சியையும் வண்டி வண்டியாக எடுத்து வர வேண்டும் என்பது அவருடைய பணிகளில் முக்கியமானது. ஏப்ரல் 11 முதல் மே 4 வரை சஃபோக் முற்றுகை நடந்தது. அந்த நாட்களில்தான் வடக்குத் தளபதி ஹூக்கர் 1,30,000 பேருடன் லீயின்மேல் பாய்ந்தார். சான்சலர்ஸ்வில் போரில் லீயிடம் இருந்தது சுமார் 60,000 பேர். அவர் வென்றார், ஆனால் தன் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனை இழந்தார். இரண்டு டிவிஷன்கள் சோளம் சேகரிக்கப் போயிராவிட்டால் அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்பதைப் படைவரலாறு படிப்பவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

தீவன வழியை அறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டு சாட்டனூகா சாட்சி. செப்டம்பரில் சிக்கமாகா போரில் தோற்ற வடக்குப் படை அந்த ஊருக்குள் ஒடுங்கியது. ஆற்றுவழியும் ரயிலும் எதிரியின் கண்காணிப்பில். மிஞ்சியது மலைமுகட்டைத் தாண்டி வரும் நூறு கிலோமீட்டர் வண்டிப் பாதை. மேலே சொன்ன வண்டிக் கணக்கு அங்கே கண்முன் நடந்தது: கழுதைகள் சுமந்து வந்ததில் பெரும்பங்கை அவையே தின்றன; மழையில் பாதை சேறானது; அக்டோபர் 2 அன்று ஜோசப் வீலரின் தெற்குக் குதிரைப்படை சிக்குவாச்சி பள்ளத்தாக்கில் பாய்ந்து நூற்றுக்கணக்கான வண்டிகளைக் கொளுத்தி, கழுதைகளைக் கொன்றது. முற்றுகை உடைவதற்குள் கிட்டத்தட்ட 10,000 விலங்குகள் மடிந்தன. அக்டோபர் கடைசியில் பிரவுன்ஸ் ஃபெரி வழியாகப் புதிய பாதை திறந்தபோது, மனிதர்களுக்கு பிஸ்கட் வந்துவிட்டது. ஆனால் பீரங்கியை இழுக்கக் குதிரை இல்லை.

கோவேறு கழுதையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குறைவாகத் தின்னும், வெயில் தாங்கும், குளம்பு உறுதி. அப்படியானால் குதிரைப்படையையே அதன்மேல் ஏற்றினால் என்ன? 1863 வசந்தத்தில் ஏபல் ஸ்ட்ரைட் என்ற வடக்குத் தளபதி சுமார் 1,700 பேரை அப்படி ஏற்றிக்கொண்டு அலபாமாவைக் குறுக்கே கடக்கப் பார்த்தார். பழக்கப்படாத விலங்குகள், அவற்றின் கனைப்பு எதிரிக்கு வழி காட்டியது, தெற்குக் குதிரைப்படையினர் தொடக்கத்திலேயே பலவற்றை மிரட்டிக் கலைத்தார்கள். மே 3 அன்று ஸ்ட்ரைட் சரணடைந்தார்.

அதே நாட்களில் பெஞ்சமின் கிரியர்சன் என்ற இசை ஆசிரியர், 1,700 குதிரை வீரர்களுடன் டென்னசியின் லாகிரேஞ்சிலிருந்து கிளம்பி, மிசிசிப்பி மாநிலத்தை மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டு 16 நாளில் 600 மைல் கடந்து பேட்டன் ரூஜ் போய்ச் சேர்ந்தார். வழியில் பண்ணைத் தானியமும் பண்ணைக் குதிரையுமே அவருக்கு ஆதாரம். போர் தொடாத வட்டாரத்தின் வழியே, ஒரே இடத்தில் தங்காமல் போனதால் அது முடிந்தது.

தீவனம் தேடும் படையின் அடிப்படை விதி இதில்தான் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் படை தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தைத் தின்று தீர்க்கிறது. ஒவ்வொரு வாரமும் வட்டம் பெரிதாகிறது, வண்டிகள் போகும் தூரம் கூடுகிறது, போகும் வண்டிக்குக் காவலாகக் குதிரைப்படை வேண்டும், அந்தக் காவற்குதிரைகளுக்கும் தீனி வேண்டும். ஒரு கட்டத்தில் போன வண்டி கொண்டு வருவது போய் வந்த செலவுக்கே சரியாகிவிடும். நகரும் படைக்கு இந்தத் தொல்லை இல்லை. நாள்தோறும் தொடாத நிலம் முன்னால் விரிகிறது.

இதை மற்ற எவரையும்விடத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் வடக்குத் தளபதி வில்லியம் ஷெர்மன். 1864 நவம்பர் 15 அன்று அட்லாண்டாவிலிருந்து 62,000 பேருடன் கடலை நோக்கிக் கிளம்புவதற்கு முன், 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஜார்ஜியா விவரங்களை மாவட்டவாரியாக ஆராய்ந்தார்: எங்கே எவ்வளவு கால்நடை, எங்கே எவ்வளவு விளைச்சல். புள்ளியியலைப் படைநடத்த வழிகாட்டியாகக் கொண்ட முதல் பெரும் முயற்சிகளில் இது ஒன்று. கிளம்பிய காலமும் தற்செயல் இல்லை. மக்காச்சோளம் அறுவடையாகிக் கிடங்குகள் நிரம்பியிருந்தன. பருத்தி போட்ட நிலத்தில் சோளம் போடுங்கள் என்று தெற்கின் அரசுகளே மூன்று ஆண்டுகளாக வற்புறுத்தி வந்ததன் பலன் அது. தெற்கின் படைக்கென விளைந்ததை வடக்கின் குதிரை தின்றது.

அவருடைய ஆணை எண் 120, ஒவ்வொரு பிரிகேடும் தீவனம் தேடும் குழுவை முறையாக அமைக்க வேண்டும் என்றது. எப்போதும் ஆட்களுக்குப் பத்து நாள் உணவும் விலங்குகளுக்கு மூன்று நாள் தீவனமும் வண்டியில் இருக்க வேண்டும். நடைமுறையில், ஐம்பது பேர் கொண்ட குழு ஓரிரு அதிகாரிகளுடன் விடியும் முன்பே கால்நடையாகக் கிளம்பும். அன்றைக்குப் படை போகும் பாதை அவர்களுக்குத் தெரியும். பாதையிலிருந்து எட்டு, பத்து கிலோமீட்டர் விலகிப் பண்ணை பண்ணையாகப் போவார்கள். அகப்பட்ட வண்டியையோ கோச்சையோ பூட்டி, சோளம், பன்றி இறைச்சி, கோழி, சோளத்தாள் கட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, படையின் வண்டித்தொடருக்கு முன்பாகவே சாலைக்கு வந்து நிற்பார்கள். நடந்து போனவர்கள் மாலையில் குதிரைமேல் திரும்புவது வழக்கமாகிவிட்டது. நாலு படைப்பிரிவுகள் நாலு இணைச் சாலைகளில் போக, குதிரைப்படைத் தலைவர் கில்பாட்ரிக்கின் 5,000 வீரர்கள் ஓரங்களைக் காத்தார்கள்.

அறிக்கைகளின்படி அந்தப் பயணத்தில் 95 லட்சம் பவுண்டு மக்காச்சோளமும் 105 லட்சம் பவுண்டு உலர்தீவனமும் எடுக்கப்பட்டன. சேர்த்தால் சுமார் 9,000 டன். 2,500 வண்டிகளுக்கு ஆறு ஆறாகக் கோவேறு கழுதைகள், குதிரைப்படை, பீரங்கிகள், ஆம்புலன்ஸ்கள் என்று எல்லாம் சேர்த்துத் தோராயமாக 25,000 விலங்குகள் என்று வைத்துக்கொள்வோம். சவானா நகரைப் பிடித்த டிசம்பர் 21 வரை 36 நாள். வகுத்துப் பார்த்தால் விலங்குக்கு நாளொன்றுக்குப் பத்து கிலோ வருகிறது. கையேடு சொன்ன அளவுக்கு மிக அருகில்! சவானாவை அடைந்தபோது தன் வண்டி விலங்குகள் மிக நல்ல நிலையில் இருந்ததாக ஷெர்மன் எழுதியதை மிகை என்று தள்ள முடியாது. எண்கள் அவர் பக்கம் இருக்கின்றன. சவானாவுக்கு வெளியே படை நின்றதும் பழைய விதி திரும்பவும் பிடித்துக்கொண்டது. அது நெல் விளையும் கரையோரம், சோளம் அரிது. சில நாளிலேயே அரிசியும் வைக்கோலுமாகச் சமாளிக்க வேண்டி வந்தது. டிசம்பர் 13 அன்று மெக்அலிஸ்டர் கோட்டையைப் பிடித்துக் கடல்வழியைத் திறக்க அவர் அவ்வளவு அவசரப்பட்டது இதனால்தான்.

மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் இந்தக் கணக்கை முடிக்கக் கூடாது. 9,000 டன்னும் யாருடையதோ. உழவுக்கு வைத்திருந்த ஒரே கழுதையை இழந்த பெண்கள், அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த சோளத்தை இழந்தவர்கள், பெரிய பண்ணை முதலாளியின் கிடங்கோடு சேர்த்துத் தங்கள் குடிசையின் சிறு சேமிப்பையும் பறிகொடுத்த அடிமைகள். பல இடங்களில் ஒளித்துவைத்த தானியத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் இந்த அடிமைகளே. விடுதலையைக் கொண்டுவந்த படைக்கு அவர்கள் செய்த உதவி அது. அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு பல நேரம் கொடுமையானது. வீலரின் தெற்குக் குதிரைப்படையும் அதே ஜார்ஜியா மக்களிடம் அதேபோல எடுத்தது. குதிரையின் பசிக்குக் கட்சி கிடையாது.

பசித்த உடலை நோய் பிடிக்கும். 1862 இலையுதிர்காலத்தில் வடக்குத் தளபதி மெக்லெல்லனின் குதிரைகளுக்கு வாய்ப்புண்ணும் கால்நோயும் பரவின. குதிரைகள் களைத்துவிட்டன என்று அவர் எழுத, ஆன்டீட்டம் போருக்குப் பிறகு களைக்கும்படி அவை என்ன செய்துவிட்டன என்று குடியரசுத் தலைவர் லிங்கன் தந்தியில் கேட்டார். தலைவரின் பொறுமையின்மை புரிகிறது. ஆனால் நோயுற்ற குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமில்லை. இன்னும் கொடியது கிளாண்டர்ஸ். மூக்கில் சீழ் வடிந்து, நுரையீரலில் கட்டிகள் எழும்பும் பாக்டீரியா நோய். பொதுத் தண்ணீர்த் தொட்டியே அதற்குப் பாலம். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் குதிரைக் கிடங்கில் ஜான் டெரல், ஜான் பேஜ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்தார்கள். இந்த நோய்க்கான கிருமியை ஜெர்மனியில் கண்டுபிடித்தது 1882-ல்தான். வடக்கில் 1863 சட்டம் ஒவ்வொரு குதிரைப்படை ரெஜிமென்டுக்கும் ஒரு கால்நடை மருத்துவரை வைத்தது, மாதம் 75 டாலர் சம்பளத்தில். அந்தப் போரில் மடிந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். குண்டுபட்டு இறந்தவை அதில் சிறுபங்கு. பெரும்பங்கு பசியும் நோயும் அளவு மீறிய ஓட்டமும்.

குதிரையை அளவு மீறி ஓட்டக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டவர் வடக்குக் குதிரைப்படைத் தளபதி ஷெரிடன். 1864 மே மாதம் பத்தாயிரம் குதிரை வீரர்களை 13 மைல் நீள வரிசையாக ரிச்மண்டை நோக்கி நடத்தியபோது, ஓட்டாமல் நடைவேகத்திலேயே போனார். தெற்கின் குதிரைப்படை தன்னைத் தேடி ஓடி வரட்டும் என்பது திட்டம். வந்தது. மே 11 அன்று யெல்லோ டாவர்னில் ஸ்டூவர்ட் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் ஷெரிடன் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் செய்தது போரின் மிகக் கடுமையான பக்கங்களில் ஒன்று. சுண்ணாம்புப் பாறை மண், செழித்த புல், கோதுமை. லீயின் குதிரைகளுக்கு அதுவே தீவனக் களஞ்சியம். கோதுமையும் உலர்புல்லும் நிறைந்த 2,000-க்கும் மேற்பட்ட களஞ்சியக் கொட்டகைகளையும் 70-க்கும் மேற்பட்ட மாவு ஆலைகளையும் எரித்ததாக அக்டோபர் 7 அன்று அவர் அறிக்கை எழுதினார். ஒரு கொட்டகை எரிந்தால், அடுத்த வசந்தத்தில் சில குதிரைகள் நிற்கத் தெம்பில்லாமல் போகும். அப்படியே ஆயிற்று. தெற்கின் குதிரை வீரன் தன் சொந்தக் குதிரையில்தான் வர வேண்டும். அரசு நாளுக்கு 40 சென்ட் வாடகை கொடுக்கும். குதிரை பசியால் செத்தால் நட்டம் அவனுடையது. ஊருக்குப் போய் இன்னொன்று தேட வேண்டும். குளிர்காலத்தில் தீவனமில்லாமல் தெற்குத் தளபதி ஜூபல் எர்லியின் குதிரைப்படை கலைந்து சிதறியது. 1865 மார்ச் 2 அன்று வேன்ஸ்பரோவில் எர்லியின் மிச்சப் படையை ஷெரிடன் துடைத்தெறிந்தார்.

ஒரு மாதத்தில் பீட்டர்ஸ்பர்க் வீழ்ந்தது. பசித்த படையுடன் மேற்கே விலகிய லீ, ஏப்ரல் 4 அன்று அமீலியா கோர்ட் ஹவுசை அடைந்தார். அங்கே உணவு காத்திருக்கும் என்று நம்பியிருந்தார். ரயிலில் வந்திருந்தது வெடிமருந்து. வேறு வழியின்றி வண்டிகளை நாலாபக்கமும் தானியம் தேடி அனுப்பி ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். வண்டிகள் ஏறத்தாழ வெறுமையாகத் திரும்பின. அந்த வட்டாரத்தை அவருடைய படையே முன்பு சுரண்டி எடுத்திருந்தது. அந்த ஒரு நாளுக்குள் ஷெரிடனின் குதிரைகள் ஜீட்டர்ஸ்வில்லில் அவர் வழியை அடைத்தன. ஏப்ரல் 8 மாலை அப்பமாட்டாக்ஸ் ரயில் நிலையத்தில் அவருக்கென வந்து நின்ற உணவு ரயில்களையும் வடக்குத் தளபதி கஸ்டரின் குதிரைப்படை பிடித்துக்கொண்டது.

மறுநாள் சரணடையும் பேச்சில், தன் குதிரைப்படையினரும் பீரங்கி வீரர்களும் சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள் என்று லீ நினைவூட்டினார். உழவுக்கு வேண்டும், கொண்டுபோகட்டும் என்றார் கிராண்ட். ஏப்ரல் மாதம், விதைக்கும் பருவம்.

தீவனக் கணக்கை முடித்துவைக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1871-ல் ஓர் ஆணையம் அமைத்தது. போரில் வடக்கின் பக்கம் நின்ற தெற்கத்தியர்கள், படை எடுத்துக்கொண்ட சோளம், புல், குதிரை, கழுதைக்கு இழப்பீடு கேட்கலாம். 22,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. கேட்ட தொகை 6 கோடி டாலருக்குச் சற்று மேல், கொடுத்தது 50 லட்சத்துக்கும் குறைவு. கில்பாட்ரிக்கின் குதிரைகள் போன ஜார்ஜியாவின் லிபர்ட்டி மாவட்டத்திலிருந்து முன்னாள் அடிமைகள் பலர் மனுச் செய்தார்கள். சட்டப்படி தாங்களே பிறரின் உடைமையாக இருந்தவர்களுக்குக் குதிரையும் நெல்லும் பன்றியும் எப்படிச் சொந்தமாக இருந்திருக்க முடியும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். பண்ணை வேலை முடிந்த பிறகு தங்கள் துண்டு நிலத்தில் உழுது, விற்று, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது என்று அவர்கள் விளக்கினார்கள். அக்கம்பக்கத்தாரும், சில இடங்களில் பழைய எஜமானர்களுமே, சாட்சி சொன்னார்கள்.